கை நனைக்காமல்

குழாய் வரவில்லை. நெடுங்கரைக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவர அரசாங்கம் கொடுத்த பணத்தை, நகராட்சித் தலைவராயிருந்த வேல்மயில் தின்றுவிட்டு, தன் அம்மா பேரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லி முடிக்க வக்கீல்களுக்கு எத்தனை வருஷம். தவசிலிங்கத்துக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சைத்தான் இப்போது உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, அதே மண்டபத்துக்குள், முன்வரிசையில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்தது வாழ்நாளில் முதல் தடவை. தலைக்கு மேலே பெரிய கண்ணாடி விளக்கு, கண்ணாடிக்குள் செத்த பூச்சி. சீல் வைத்துக் கிடந்த கட்டடம், வௌவால் நாற்றம் அடித்தது. மணமேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற ராஜா நாற்காலி ஒன்றில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். சிவப்பு வெல்வெட், சிங்கத்தலைக் கைப்பிடி. வேறு நாற்காலி அகப்படவில்லை போல. சின்ன வயசு ஆள், கூச்சத்தில் நுனியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைக் கால் மாட்டில் வைத்திருந்தார். அது ஒன்றுதான் இந்த மண்டபத்தில் ஒழுங்கான காரியம் என்று நினைத்தார் தவசிலிங்கம். கோர்ட்டு வேல்மயிலை உள்ளே வைத்தது, வெளியேயும் விட்டது. மண்டபத்தை மட்டும் பிடுங்கி, ஏலம் விடு, வருகிற பணத்தில் ஊருக்குக் குழாய் போடு என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஏலம்தான் போகவில்லை. போன தடவையும் போகவில்லை, அதற்கு முந்தின தடவையும் போகவில்லை. இன்றைக்கும் போகாவிட்டால், யாரும் கேட்காத சொத்தைப் பழைய மதிப்புக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வேல்மயில் போட்ட மனு தயாராய் நிற்கிறது. திருடின துட்டை வைத்தே திருடின சொத்தை வாங்குவான். வாங்கி, வெள்ளையடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, மறுபடி கெட்டிமேளம். ஊர் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி பின்னால் ஓடும். ஓடட்டும். ஓடிப் பழகின கழுதைகள். இல்லை, ஓடக்கூடாது. இந்த நாற்காலி ஏன் இப்படி ஆடுகிறது.

காபி வந்துகொண்டிருந்தது. வேல்மயில் ஏற்பாடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஜெயிலுக்குப் போய்வந்த பிறகு இன்னும் வெள்ளை கூடியிருந்தது. "வெயில்ல வந்தவுகளுக்கு ஒரு வாய் காபி குடுக்கிறதுக்கும் கோர்ட்டு ஆர்டர் வாங்கணுமா தாசில்தார் சார்?" என்று கேட்டு, தானே சிரித்து, எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டான். தாசில்தார் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் கொதித்தது. ஏலம் முடிந்ததும் இலை போடுவார்களாம், அதற்கு முன்னால் கேசரி, வடை, காபி. இதுதான் அவன் சூட்சுமம். அடியாள் வேண்டாம், அரிவாள் வேண்டாம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வாய் போதும். ஒருத்தன் இடத்தில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அவனுக்கு எதிரே கை தூக்க வராது. பகை என்றால் அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டார்கள், குடித்துவிட்டால் பகை போச்சு. பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை, வெட்டுக்குத்துகூட இப்படித்தான் ராஜியாகும், கூப்பிட்டு உட்காரவைத்து இலையைப் போட்டு. நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறான் களவாணிப் பயல். போன இரண்டு ஏலத்தையும் தவசிலிங்கம் எதிரே ரோட்டில் நின்று பார்த்தார். கேட்க வந்தவன் எல்லாம் உள்ளே போகும்போது மீசையை முறுக்கிக்கொண்டு போனான், வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னடா ஆச்சு?" என்றால், "இல்ல அண்ணாச்சி, சாப்பிட்டாச்சு, எப்பிடிக் கேக்குறது?" அவ்வளவுதான் பதில். தின்ற கேசரிக்கு ஊர்க் குழாயை விற்றுவிட்டு வருகிறான், அவனுக்கே அது தெரியவில்லை. கேசரியில் முந்திரி வேறு.

நேற்று பொன்னுத்தாய் கேட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் கேள்வி எல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் வரும், ஆளைப் பார்த்து வராது. "ரெண்டு தடவை ரோட்டுல நின்னு என்னத்தக் கிழிச்சீக?" அவர் துண்டை எடுத்து உதறினார். "கால் வைக்கமாட்டேன், கை நனைக்கமாட்டேன்னு சொன்னது வேல்மயில் மண்டபத்துல. இப்ப அது அரசாங்கத்துதுல்ல? அரசாங்கத்துக்குள்ளயும் கால் வைக்கமாட்டீகளா?" காலையில் வேட்டியை மாற்றினார். கால் வைக்கலாம். கை கிடையாது. அந்த அளவுக்குத்தான் அவர் இறங்கிவந்தது. இந்த வீம்பு அவருக்குச் சும்மா கிடைத்ததில்லை. பஜாரில் லிங்கம் பாத்திர வாடகைக் கடை என்றால் ஒரு காலத்தில் முகூர்த்த நாளில் கடையில் ஒரு கரண்டி மிஞ்சாது. அண்டா, தவலை, சாம்பார் வாளி, ஜமுக்காளம், எல்லாம் ஊர் முழுக்கப் போய்த் திரும்பி வரும். எங்கே போனாலும் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பேர் வெட்டியிருக்கும். உளியை வைத்துப் புள்ளி புள்ளியாய்த் தட்டி, லிங்கம், நெடுங்கரை. மாறிப்போன அண்டா பக்கத்து ஊர்ச் சமையல்காரன் வீட்டில் தவிடு போட்டு வைத்திருந்தாலும், விளிம்பைத் தடவினால் விரல் சொல்லிவிடும். ஊர்ப் பணத்துக்கு யாரும் பேர் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் இந்த வெல்வெட் நாற்காலியில் இருந்திருக்கும், அந்தக் கண்ணாடி விளக்கில் இருந்திருக்கும், வேல்மயிலின் வேட்டிக் கரையில் இருந்திருக்கும், நெடுங்கரைக் குடிதண்ணீர் என்று. மண்டபம் திறந்தபோது அவன் ஆள் விட்டான், இனி பூரணத்தம்மாள் மஹாலுக்கு உங்கள் பாத்திரம்தான், ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று. "என் அண்டாவில தண்ணி ஊத்துறதுக்கு முதல்ல ஊருக்குத் தண்ணி வரட்டும்" என்று சொல்லி அனுப்பினார். ஊரே சிரித்தது. பிறகு ஊர் முழுக்க அந்த மண்டபத்தில்தான் கல்யாணம் வைத்தது. ஊர் சிரித்ததும் நின்றது, கடையில் வாடகை எடுப்பதும் நின்றது. அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒருநாள் பூனை அதில் குட்டி போட்டது.

சரி, போகட்டும், கடை போனது போகட்டும். அதை நினைக்க வரவில்லை. எதை நினைக்கக்கூடாது என்று வருகிற வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாரோ அதுதான் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தது. அந்தச் சிவப்பு நாற்காலியில், தாசில்தார் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில், கல்யாணத்தன்று தவசிலிங்கத்தின் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். சம்பந்தி வீட்டார் வேல்மயிலுக்கு ரொம்ப வேண்டியவர்கள். வாடகை இல்லாமல் மண்டபம் கொடுக்கிறான், பத்திரிகையும் அடித்தாயிற்று என்று ஒருநாள் வந்து சொன்னார்கள். பத்திரிகையில் மண்டபத்தின் பேர் அவர் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. கல்யாணம் நடக்கட்டும், நான் வரமாட்டேன் என்றார். பொன்னுத்தாய் கத்தினாள், அழுதாள், பேசாமல் இருந்தாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாங்கப்பா என்று ஒரு வார்த்தை, என்ன செய்திருப்பார்? தெரியாது. அவள் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. மச்சினன் நின்று தாரைவார்த்துக் கொடுத்தான். அவர் எதிரே, பஸ் நிறுத்தக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. சட்டைப் பையில் ஒரு பிடி அட்சதை. எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. கெட்டிமேளம் ஸ்பீக்கரில் ரோடு முழுக்க அதிர்ந்தது. கை தானாய்ப் பைக்குள் போயிற்று. ரோட்டைப் பார்த்து வீசினார். மஞ்சள் அரிசி தாரில் விழுந்து சிதறியது, ஒரு பஸ் அதன் மேல் ஏறிப் போனது, மிச்சத்தை ஒரு ஆடு வந்து நக்கிவிட்டுப் போனது. யாரும் பார்க்கவில்லை. ஆடு மட்டும் பார்த்தது. அதன் பிறகு மகள் வீட்டுக்கு வருவாள், அவர் கடையில் இருக்கிற நேரமாய்ப் பார்த்து. அவர் வருகிற சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கமாய்ப் போய்விடுவாள். பொன்னுத்தாய் கல்யாண வீடியோவைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள், அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு தடவையும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. சிரித்திருப்பாள். முன்பல் உடைந்தது தெரிந்திருக்கும். தின்றிருப்பாள், மாப்பிள்ளை இலையிலிருந்து எடுத்து ஊட்டியிருப்பான், எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். அவள் கை நனைத்தது நனைத்ததுதான். அவள் பேரைக்கூட அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டு, தொண்டையில் சிக்கின முள் மாதிரி நிற்கும், எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

தலை கிறுகிறுத்தது. காலையில் சர்க்கரைக்கு மாத்திரை போட்டதோடு சரி, கோபத்தில் இட்லியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார். புத்தி கெட்ட வேலை. உள்ளங்கை வியர்த்தது, நாக்கு ஒட்டியது. பருப்பு வாசனை படியேறி வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொண்டது. இந்த வாசனைக்கு வெட்கம் கிடையாது, யார் காசில் கொதித்தாலும் ஒரே வாசனைதான். பயம் ஒன்று வந்தது. இவ்வளவு வருஷத்தில் வராத பயம். மயங்கி விழுந்துவிட்டால்? விழுந்தால் தூக்கிப் போட்டு, சர்க்கரை இறங்கிப்போச்சு என்று சொல்லி, இவர்கள் தண்ணீரை ஊற்றி, இவர்கள் கேசரியை உருட்டி வாயில் திணிப்பார்கள். கண் திறந்து பார்த்தால் கை நனைத்தாயிற்று, வாய் நனைத்தாயிற்று. வேல்மயிலே மடியில் தலையை வைத்து ஊட்டுவான், பெருமையாய் ஊட்டுவான். இத்தனை காலம் காத்ததை ஒரு மயக்கத்தில் பறித்துக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று இப்போதே சொல்லிவைக்கலாமா? சொன்னால் சிரிப்பார்கள். விழக்கூடாது. விழமாட்டேன். பற்களைக் கடித்துக்கொண்டார். நாற்காலியின் ஆடுகிற காலைத் தன் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அரிசி மில் நவரத்தினம் வந்து உட்கார்ந்தான். ஏலம் கேட்க முன்பணம் கட்டி அட்டை வாங்கினவர்கள் மூன்று பேர் என்று வாசலில் சொன்னார்கள். ஒருவன் மதுரைப் பக்கத்து ஓட்டல்காரன், அவனை வந்ததும் வராததுமாய் வேல்மயில் தோளில் கைபோட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போனான், திரும்பி வந்தபோது அவன் அட்டையால் விசிறிக்கொண்டு வந்தான். இன்னொன்று நவரத்தினம். மூன்றாவது யாரென்று தெரியவில்லை. நவரத்தினம் மகாலிங்கம் கோவிலில் வைத்துச் சத்தியம் செய்யாத குறையாய்ச் சொல்லியிருந்தான், இந்தத் தடவை நான் கேட்கிறேன் அண்ணாச்சி என்று. "காபி குடிச்சியா?" என்று கேட்டார் தவசிலிங்கம். நவரத்தினம் மீசையைத் தடவினான். "அரை டம்ளர்தான் அண்ணாச்சி." "அரை டம்ளர்." "தலைவலியா இருந்துச்சு." "இனி போயிரும்" என்றார் தவசிலிங்கம். அரை டம்ளரில் போயிற்று அரிசி மில்லு.

அப்போதுதான் கேசரி அவர் வரிசைக்கு வந்தது. வேல்மயிலின் ஆள் பால்ச்சாமி கொண்டுவந்தான், ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் வாளி. "அண்ணாச்சி, என்ன இங்கன உக்காந்திருக்கீக, அதிசயமா? ஒரு கரண்டி வைக்கட்டா? இன்னைக்காச்சும் கையை நனைங்க." சுற்றிலும் தலைகள் திரும்பின. தவசிலிங்கம் அவனைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தார். பித்தளை வாளி. அடிப்பக்கம் ஒரு நசுங்கல், கைப்பிடியில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கம்பியைச் சுற்றினது யார்? தன் விரல்தான். கையை நீட்டி விளிம்பைத் தடவினார். புள்ளி, புள்ளி, வளைவு. விரல் சொல்லிவிட்டது. மகள் கல்யாணத்துக்குப் பொன்னுத்தாய் அவருக்குத் தெரியாமல் கடையைத் திறந்து அனுப்பின பாத்திரத்தில் இந்த ஒரு வாளி மட்டும் திரும்பவில்லை. மண்டபத்துக்குள் போய்க் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவர் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் இவர்கள் ஸ்டோர் ரூமில் இருந்து, சீல் வைத்தபோது சேர்ந்து சீலுக்குள் இருந்து, இப்போது ஊரை வாங்கக் கேசரி சுமந்துகொண்டு வருகிறது. இரண்டு கையாலும் வாளியைப் பிடித்தார். "இது என்னுது." பால்ச்சாமி இழுத்தான். "என்ன அண்ணாச்சி, விளையாடாதீக, பின்வரிசைக்கு இன்னும் போகல." "பேரைப் படி." "எனக்குப் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?" "அப்ப விடு." விட்டுவிட்டான். வாளி மடியில் வந்து உட்கார்ந்தது, கனமாய், சுடச்சுட. பின்னால் யாரோ சிரித்தார்கள், "பெரிசு பூராக் கேசரியும் தனக்குத்தான்னுட்டாரு." தவசிலிங்கம் அசையவில்லை. நெய் வாசனை முகத்தில் அடித்தது. வாய் முழுக்க எச்சில் ஊறியது. ஒரு விரல் வைத்தால் போதும், கிறுகிறுப்பு நின்றுவிடும், டாக்டரும் அதைத்தான் சொல்வார். விரலை வைக்கவில்லை. வாளி வந்துவிட்டது. ஒன்று வந்துவிட்டது. இந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து திரும்பி வந்த முதல் சாமான் இதுதான். கோர்ட்டு கொடுக்கவில்லை, கேஸ் போடவில்லை, கையை நீட்டினார், வந்துவிட்டது. தொடை சுட்டது. சுடட்டும்.

வாசல் பக்கம் வளையல் சத்தம். திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. நாலைந்து பொம்பளைகள் உள்ளே வந்தார்கள், நடுவில் அவர் மகள். ஆள் பூசினாற்போல் ஆகியிருந்தாள், காதோரம் ஒரு நரை. இவளுக்கு நரையா? பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். சம்பந்தி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து வேல்மயிலோடு வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தார், அந்த வரிசைக்கே போனாள். அப்படியா சங்கதி. வேல்மயிலுக்கு மண்டபம் திரும்பக் கைக்கு வருகிற நாள், மாப்பிள்ளை வீட்டோடு வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டியதுதானே. சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே. அவர் முன்னால் திரும்பிக்கொண்டார், ஆனால் முதுகு அந்தப் பக்கம் திரும்பியே இருந்தது. முதுகுக்குக் கண் இருந்தது. அந்தப் பல் உடைந்த நாள் வந்தது, கூப்பிடாமல். பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயசு. தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு பாயும். பொம்பளைகள் நடுவில் இவள் சின்னக் குடத்தோடு நுழைந்தாள், யாருடைய குடமோ வாயில் இடித்தது, ரத்தம். ரத்தத்தோடு குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துத் தளும்பாமல் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியில் வேல்மயிலின் பெரிய பேனர் நின்றது, வீடுதோறும் குழாய் வருகிறது என்று. குழாய் படம் போட்டு, குழாயிலிருந்து நீலமாய்த் தண்ணீர் கொட்டுகிற படம் போட்டு. "அப்பா, வந்துருமா?" என்றாள், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு. வந்துவிடும் என்றார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்தப் பொய்யையும் வேல்மயில்தான் அவர் வாயில் வைத்தான். அதுக்குத்தான் கால் வைக்கவில்லை, கை நனைக்கவில்லை. அவளுக்காகத்தான் வெளியே நின்றார். இது அவளுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும், சொன்னால்தானே தெரியும். சொல்லத் தெரிந்திருந்தால் ஏன் ஆட்டுக்கு அட்சதை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

மைக் கீச்சிட்டது. தாசில்தார் எழுந்து, அரசாங்கம் வைத்த விலையைப் படித்தார். கேட்பவர்கள் அட்டையைத் தூக்கலாம் என்றார். ஒரு தரம். யாரும் அசையவில்லை. மேலே மின்விசிறி, டொக் டொக்கென்று. ஓட்டல்காரன் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். நவரத்தினம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அரை டம்ளர் தொண்டையிலேயே நிற்கிறது போல. வேல்மயில் மேடைக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். ரெண்டு தரம். கீழே இலை அறுக்கிற சத்தம். இப்படித்தான் போகும். இப்படித்தான் போயிற்று. எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், நாளைக்கு லாரி வரும், இன்னொரு பிள்ளையின் பல் போகும். தவசிலிங்கத்துக்குக் கண் இருட்டியது. விழப்போகிறேன் என்று நினைத்தார். விழவில்லை, எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று தெரியாது, வாளி ஒரு கையில் இருந்தது, இன்னொரு கை மேலே போயிருந்தது. காய்ந்த கை. அதில் அட்டை இல்லை, ஒன்றும் இல்லை. தாசில்தார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பெரியவரே, அட்டை இருக்கா உங்ககிட்ட?" "இல்ல." "முன்பணம் கட்டியிருக்கீங்களா?" "இல்ல." "அப்ப எதுக்குக் கை தூக்குறீங்க?" "தூக்குறதுக்கு ஒரு கை இருக்குன்னு தெரியட்டும்." வேல்மயில் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "அண்ணாச்சி வாளியை அடகு வச்சு மண்டபம் எடுக்கப் போறாரு! கேசரியோட சேத்து வச்சுக்கோங்க சார், வெல கூடும்!" மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தின்ற வாய் எல்லாம் சிரித்தது. சம்பந்தி சிரிப்பது தனியாய்க் கேட்டது, நவரத்தினம்கூட மீசைக்குள் சிரித்தான். தவசிலிங்கம் கையைக் கீழே போடவில்லை. சிரிங்கடா. சிரித்து முடியுங்கள். நான் இங்கேதான் நிற்கிறேன். ரோட்டில் நின்ற கால் இது, எவ்வளவு நேரமானாலும் நிற்கும்.

சிரிப்பு பின்வரிசையிலிருந்து அறுந்தது. முதலில் சம்பந்தியின் சிரிப்பு நின்றது, பிறகு ஒவ்வொரு வரிசையாய் நின்றுகொண்டு வந்தது. தவசிலிங்கம் திரும்பினார். பின்வரிசையில் ஒரு அட்டை மேலே நின்றது. அட்டைக்குக் கீழே வளையல் கை. அவர் மகள் எழுந்து நின்றாள். சம்பந்தி அவள் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தார், அவள் உருவிக்கொண்டாள். "மகளிர் குழுக் கூட்டமைப்பு" என்றாள், குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு நேராகி. "அரசாங்கம் சொன்ன விலைக்குக் கேக்குறோம். பேங்கு கடன் ஓலை இருக்கு. முன்பணம் கட்டிட்டோம்." வேல்மயில் தூணைவிட்டு வந்தான். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏத்தா, உக்காரு. உன் கல்யாணமே இந்த மேடையில நடந்தது. வாடகை வாங்கினேனா? ஊருக்கே இலை போட்டேன். இங்க தின்னுட்டு எனக்கு எதிரா அட்டை தூக்குறியே, நாளைக்கு ஊரு உன்னை என்ன சொல்லும்?" எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அது சட்டத்தைவிடப் பெரிய கேள்வி என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தாசில்தாருக்கு மட்டும் தெரியாது. தவசிலிங்கத்துக்குத் தெரியும். முடிந்தது என்று நினைத்தார். இதற்கு அவளிடம் பதில் இருக்காது. அவள் சிரித்தாள். உடைந்த பல் தெரிந்தது. "தாலி கட்டிக்கிட்டேன், ஆனா தின்னேன்னு யாரு சொன்னா?" என்றாள். "வீட்டுல வீடியோ இருக்கு, போட்டுப் பாருங்க. இலைக்கு முன்னால உக்காந்தேன். அவுக ஊட்ட வந்தாக, வாயத் திறக்கல. இலையை மூடிட்டு எந்திரிச்சேன். எங்கப்பா வெளிய பஸ் நிக்கிற இடத்துல வெறும் வயித்தோட நிக்கிறாரு, நான் உள்ள திங்கிறதா? அன்னைக்கும் கை நனைக்கல, இன்னைக்கும் நனைக்கல. இந்த மண்டபத்துல நானும் எங்கப்பாவும் பச்சத்தண்ணி குடிச்சதில்ல. தாசில்தார் சார், நீங்க மூணாவது தரத்தச் சொல்லுங்க."

தவசிலிங்கம் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி ஆடியது, அவர் அதைக் கவனிக்கவில்லை. மூடின இலை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே போன ஒவ்வொரு தடவையும் அந்த டிவிக்குள் அவள் இலையை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நீங்களாகவே உட்கார்ந்து பாருங்கள் என்று விட்டுவிட்டாள் ராட்சசி. ரோட்டில் நின்றதை மகள் பார்த்திருக்கிறாள். பார்த்தது ஆடு மட்டுமில்லை. அட்சதையைப் பார்த்தாளா? கேட்கவேண்டும். இன்றைக்கே கேட்கவேண்டும், அவளைக் கொல்லைப்பக்கமாய் ஓடவிடாமல் வாசலில் உட்காரவைத்துக் கேட்கவேண்டும். தொண்டையில் அந்த முள் இருந்த இடத்தில் என்னவோ அசைந்தது. மைக்கில் தாசில்தார் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு யாராவது, வேறு யாராவது. ஓட்டல்காரன் அட்டையைத் தரையில் வைத்தான். வேல்மயில் என்னவோ சொல்லவந்தான், கடன்காரப் பொம்பளைகள் என்று, தாசில்தார் கையைக் காட்டி நிறுத்தினார், அந்தக் கூச்சம் எல்லாம் எங்கே போயிற்றோ, சிங்கத்தலையைப் பிடித்துக்கொண்டு நன்றாய்ப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூணு தரம். கீழே இலை அறுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். நவரத்தினம் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, உங்க மகள்தான அது?" என்று கேட்டான், என்னவோ தெரியாதவன் மாதிரி. மடியில் வாளி ஆறிக்கொண்டிருந்தது. விரல் விளிம்பில் போய் நின்றது, வெட்டின எழுத்தின் மேல், புள்ளி புள்ளியாய், எங்கே போனாலும் திரும்பி வருகிற எழுத்து. மேடையில் தாசில்தார் கேட்டார், "புருஷன் பேர் போடவாம்மா, அப்பா பேர் போடவா?" பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. தாசில்தார் எழுதினார், எழுதி முடித்து மைக்கை வாய்க்கு இழுத்து, ஊருக்கெல்லாம் கேட்கும்படி, வெளியே ரோடுவரை, பஸ் நிறுத்தம்வரை கேட்கும்படி படித்தார்: "மகளிர் குழுக் கூட்டமைப்புக்காக ஏலம் எடுத்தது, நெடுங்கரை, தவசிலிங்கம் மகள் செண்பகவல்லி."